அடிக்கு இவ்வளவு

பேங்க் மேனேஜர் கேட்ட கேள்வி ஒரு வாரமாக அக்காவின் காதை விட்டு இறங்கவில்லை.

"கம்பெனி வளருதாம்மா, வீங்குதாம்மா?"

கேட்டுவிட்டு அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குத்தலாகக் கேட்கவில்லை, உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரிப்பது போலத்தான் கேட்டார். படகுப் பட்டறையின் விற்பனை வருடத்துக்கு வருடம் ஏறுகிறது. பேங்கில் இருக்கும் பணம் வருடத்துக்கு வருடம் இறங்குகிறது. வேளை தவறாமல் சாப்பிடுகிற ஆள் நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே போனால் பார்க்கிறவர்கள் கேட்கத்தானே செய்வார்கள்?

"பார்த்துச் சொல்றேன் சார்," என்று எழுந்து வந்துவிட்டாள் அக்கா.

அப்பா போன பிறகு கணக்கு அக்காவுக்கு, கட்டுமானம் தம்பிக்கு என்று பாகம் பிரித்துக்கொண்டு நடத்தும் பட்டறை அது. அக்காவுக்கு ஐம்பது வயது. ஒரு காசு உதைத்தாலும் தூக்கம் வராது. தம்பி ஆறு வயது இளையவன். படகைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் வீட்டுக்குப் போக வேண்டியவர் என்பதே அவனுக்கு மறந்துவிடும்.

அக்கா பேங்கில் உட்கார்ந்திருந்த அதே வேளையில் தம்பி இங்கே இரண்டு காரியம் செய்து வைத்திருந்தான். ஆற்றைக் கடக்கிற பயணிகளுக்குப் படகு விடும் துறைக்காரருக்கு அறுபது அடியில் ஒரு படகு கட்டித் தருவதாகப் பேசிவிட்டான். பட்டறை ஆரம்பித்த நாளிலிருந்து அவ்வளவு நீளத்தில் யாரும் கட்டியதில்லை. அது ஒன்று. அந்தப் பெரிய படகுக்கு இடம் வேண்டுமே என்று, ஷெட்டை அடைத்துக்கொண்டிருந்த இருபத்து நாலு அடி மோல்டை ஆற்றுக்கு அந்தப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் அக்கரைக்காரருக்கு விற்க ஒப்புக்கொண்டு முன்பணமும் வாங்கிவிட்டான். அது இரண்டு.

கையெழுத்துப் போடத் துறைக்காரர் மத்தியானம் வருகிறார். மோல்டை ஏற்றிப் போக லாரி சாயங்காலம் வருகிறது. இரண்டும் இன்றைக்கே.

காலையில் பட்டறைக்குள் கிரேன் வந்து நின்றது. அதற்கு இரண்டு வேலை. கட்டி முடித்த முப்பத்தாறு அடிப் படகைத் தண்ணீரில் இறக்க வேண்டும். பிறகு, மோல்டுக்குள் உட்கார்ந்திருக்கும் கடைசி இருபத்து நாலு அடிப் படகை வெளியே எடுத்து வைக்க வேண்டும். வெறும் மோல்டைத்தானே லாரியில் ஏற்ற முடியும்?

மோல்டு என்பது படகைப் பிறப்பிக்கிற கூடு. அதன் உள்பக்கத்தில் கண்ணாடி இழையை விரித்து, ரெசினை ஊற்றி, மேலே மேலே அடுக்கிக் காய விட்டால் அதே வடிவத்தில் ஒரு படகு உரிந்து வரும். இந்த மோல்டிலிருந்து உரிந்து வந்த படகுகள் ஆறு முழுக்க ஓடுகின்றன.

"தள்ளிப்போங்கண்ணி, மேல கீல விழுந்துடப் போவுது!"

கத்தியது தம்பியின் மனைவி. பட்டி பூசுவது, தேய்ப்பது, பெயின்ட் அடிப்பது எல்லாம் அவள் பொறுப்பு. எந்தப் பேச்சிலும் எதிர்க்கட்சிக்கு ஆஜராகிவிடுவாள் என்பதால் வீட்டில் அவளுக்கு 'வக்கீல்' என்று பெயர். பட்டறையிலும் அதுவே நிலைத்துவிட்டது.

"விழுந்தா உன் புருஷன் கட்டின படகுதானே விழும். பூ மாதிரி இருக்கும்," என்றாள் அக்கா, தள்ளி நின்றபடி.

"பூவா! போன மாசம் இதைத் தேய்ச்சுத் தேய்ச்சு என் கை வீங்கிக் கிடந்துச்சு. வந்து தொட்டுப் பாருங்க, பூவான்னு."

முப்பத்தாறு அடிப் படகு பட்டைகளில் தொங்கியபடி மெல்ல எழுந்தது. கிரேன் கூண்டின் வெளிப்பக்கத்தில் எடை காட்டும் பெட்டி ஒன்று உண்டு. சிவப்பு எண்கள் ஓடி, தடுமாறி, ஓரிடத்தில் நின்றன. ஐந்தரை டன். அக்காவுக்கு எண் எங்கே தெரிந்தாலும் கண் தானாக அங்கே போய்விடும். கடைப் பலகையில் போன் நம்பர் எழுதியிருந்தால் கூட மனசுக்குள் கூட்டிப் பார்ப்பவள். பார்த்தாள், மனதில் வைத்துக்கொண்டாள்.

படகு தண்ணீரைத் தொட்டதும் ஆட்கள் கை தட்டினார்கள். தம்பி கரையிலேயே குந்தி உட்கார்ந்து, தண்ணீர்க் கோடு தான் வரைந்த இடத்திலேயே நிற்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். நின்றது. அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! குழந்தை முதல் அடி எடுத்து வைத்ததைப் பார்த்த தகப்பன் தோற்றான்.

அடுத்து இருபத்து நாலு அடி. மோல்டின் ஓரங்களில் ஆப்பு வைத்துத் தட்டி, காற்றைச் செலுத்தி, பிறகு தூக்கினார்கள். 'ளக்' என்று நாக்கைச் சொடுக்கியது போல ஒரு சத்தத்தோடு படகு கழன்று வந்தது. பெட்டியில் எண்கள் ஓடின. ஒன்று புள்ளி ஆறு.

அக்கா அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நீளம் ஒன்றரை மடங்கு. எடை மூன்று மடங்குக்கும் மேலே.

"என்னண்ணி, ஆணியடிச்ச மாதிரி நிக்கிறீங்க?" என்றாள் வக்கீல்.

"ஒண்ணுமில்ல. டீ குடிக்கணும் போல இருக்கு," என்று சொல்லிவிட்டு ஆபீஸ் அறைக்குப் போன அக்கா டீயும் குடிக்கவில்லை, மின்விசிறியையும் போடவில்லை.

இந்தப் பட்டறையில் படகுக்கு விலை சொல்வது துணிக்கடையில் சொல்வது போலத்தான். அடிக்கு இவ்வளவு. வாங்குகிறவர் எத்தனை அடி என்று சொன்னால் போதும், பெருக்கிச் சொல்லிவிடுவார்கள். எஞ்சின் அவர் பாடு. அப்பா வைத்த முறை. அப்பா காலத்தில் கட்டியதெல்லாம் இருபதிலிருந்து இருபத்தாறு அடிக்குள்தான். அதனால் அந்த முறையில் பழுது வரவில்லை. தம்பி வந்தான், முப்பது கட்டினான், முப்பத்தாறு கட்டினான், நாற்பதும் கட்டினான். ரேட் ஏறியது, ஆனால் முறை மாறவில்லை. அடிக்கு இவ்வளவு.

ஆனால் படகு என்பது துணியா? நீளம் கூடினால் அகலமும் கூடுகிறது, உயரமும் கூடுகிறது, பக்கச் சுவரின் தடிமனும் கூடுகிறது. ரெசின் எடையைப் பார்த்துத்தான் ஊற்றுகிறார்கள். காசு மட்டும் நீளத்தைப் பார்த்து வருகிறது.

இத்தனை வருடம் இது ஏன் தன் கண்ணில் படவில்லை என்று அக்கா யோசித்தாள். காரணம் தெரிந்தபோது சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. எல்லாப் படகுக்கும் கிடங்கு ஒன்றுதான். யாருக்கு எவ்வளவு வேண்டுமோ அள்ளிக்கொண்டு போவார்கள். மாதக் கடைசியில் மொத்த ரெசின், மொத்தக் கூலி, மொத்த வரவு. எல்லாம் இம்மி பிசகாமல் நேராகும். பானையில் எவ்வளவு சோறு வடித்தோம் என்பது தெரியும். எந்தப் பிள்ளை எவ்வளவு சாப்பிட்டது என்று யாரும் கேட்டதில்லை. சின்னப் படகுகள் சம்பாதித்துக் கொடுக்க, பெரிய படகுகள் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கின்றன.

முப்பத்தாறுக்கே இந்தக் கதி. அறுபது?

அக்கா எழுந்தாள்.

தம்பி ஷெட்டின் நடுவில் நின்று, காலியான தரையில் சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தான். அறுபது அடிப் படகின் முதுகெலும்பு எங்கே தொடங்கி எங்கே முடியும் என்று. ஒரு முனை வாசல் கதவையே இடித்தது.

"பாத்தியாக்கா? கதவைக் கழட்டிட்டா போதும். கச்சிதமா உக்காரும்."

"அறுபது அடிப் படகு எத்தனை டன் வரும்?"

"இருபத்தஞ்சு. கூடக் குறைய ஒண்ணு." கேட்டதும் சொன்னான். "ஏன், கிரேன் வாடகையா? அதெல்லாம் அவங்க செலவு."

"இருபத்து நாலு அடி ஒண்ணு புள்ளி ஆறு. நீளம் ரெண்டரை மடங்கு ஆவுது. எடை?"

"பதினஞ்சு மடங்கு," என்று சொல்லிக்கொண்டே கோட்டை இழுத்தவன் கை நின்றது. "அது அப்படித்தான்க்கா ஆவும். எல்லாப் பக்கமும் வளருதுல்ல."

"விலை மட்டும் ரெண்டரை மடங்குதான் வாங்கப் போறோம்."

தம்பி நிமிரவில்லை. சுண்ணாம்புத் தூளை ஊதினான். பிறகு, வேண்டுமென்றே குரலை உயர்த்திப் பேசினான்.

"உனக்கு எப்பவுமே பெரிசா எதுவும் செஞ்சிடக் கூடாது. செலவு, செலவு, செலவு. அக்கரைக்காரர் நமக்குப் போட்டி. அவரே என்ன சொல்றாரு தெரியுமா? பெரிய படகுன்னா கண்ணை மூடிக்கிட்டு அவங்ககிட்ட போங்க, அவன் கை மாதிரி இன்னொரு கை கிடையாதுன்னு வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்றாரு. துறைக்காரரை அனுப்பினதே அவருதான். எதிராளிக்கு இருக்கற மரியாதை கூடப் பொறந்தவளுக்கு இல்ல."

அக்கா பதிலுக்கு வாயைத் திறந்தாள். வந்தது வேறு கேள்வி.

"அந்த முப்பத்தாறு அடிக்காரர்? அவரை யாரு அனுப்பினா?"

"அவருதான்."

"போன வருஷம் கட்டினோமே, மீன் கம்பெனிக்கு, நாப்பது அடி?"

"அதுவும் அவருதான். என்னக்கா போலீஸ் மாதிரி கேக்கற?"

"பெரிய படகு கேட்டு வந்த ஒரு ஆளைக்கூட அவரு வச்சுக்கிட்டதே இல்லியே. ஏன்டா?"

"அதான் சொன்னனே. மரியாதை."

இந்த இடத்தில் பெயின்ட் வாளியோடு உள்ளே வந்தாள் வக்கீல். பாதியிலிருந்து கேட்டாலும் முழு வழக்கையும் பிடித்துக்கொள்கிற காது அவளுக்கு.

"மரியாதையாம் மரியாதை! நல்லா வாயில வருது. ஏங்க, நம்ம பக்கத்து வீட்டுக்காரரு அவரு வீட்டுக்கு வர்ற விருந்தாளியை எல்லாம் 'அந்த வீட்டுல சாப்பாடு பிரமாதம், அங்க போங்க'ன்னு நம்ம வீட்டுக்கு அனுப்பினா அது மரியாதையா? வர்ற ஒவ்வொருத்தனும் பதினஞ்சு ஆள் சாப்பாட்டைச் சாப்பிட்டுட்டு ரெண்டரை ஆளுக்குக் காசு வச்சிட்டுப் போறான்."

"நீ சும்மா இரு."

"சும்மாதான் இருக்கேன். அவரு சும்மா இல்ல. நாம அவன் கையி இவன் கையின்னு மயங்கிக் கிடந்த இந்த மூணு வருஷத்துல அவரு ரெண்டு மோல்டு வச்சு, சின்னப் படகா உரிச்சுப் போட்டுக்கிட்டே இருக்காரு. ரெண்டாவது ஷெட்டும் கட்டியாச்சு."

"ரெண்டு மோல்டு இருக்கில்ல," என்றாள் அக்கா மெதுவாக. "அப்புறம் நம்மது எதுக்கு அவருக்கு? அதுவும் கேட்ட விலைக்கு மேலயே குடுத்து?"

"வேலை தாங்கலையாம்," என்றான் தம்பி. சொல்லும்போதே அவனுக்கு அந்த வார்த்தை நாக்கில் ஒட்டவில்லை.

"அவருகிட்ட மூணு இருக்கணும்னு இல்லடா. நம்மகிட்ட ஒண்ணு கூட இருக்கக் கூடாதுன்னு."

தம்பி சுண்ணாம்புக்கட்டியைத் தரையில் வீசினான். அது இரண்டாக உடைந்து ஓடியது. மாடிப்படி ஏறி, தன் வரைபட அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

வக்கீல் வாளியைக் கீழே வைத்தாள். "கொஞ்சம் ஓவராப் பேசிட்டனா அண்ணி?"

"கொஞ்சமா?"

"அவரு பாவம். கோடு எவ்வளவு அழகா போட்டிருக்காரு பாருங்க."

இரண்டு பெண்களும் அந்தக் கோட்டை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு நடந்தார்கள்.

சாப்பாட்டு வேளைக்கு அவன் வரவில்லை. அக்கா இரண்டு தடவை படிக்கட்டுக் கீழே வரை போய்த் திரும்பினாள். சிறு வயதில் அவன் கட்டிய காகிதக் கப்பலை யாராவது மிதித்துவிட்டால், அழாமல் இப்படித்தான் கதவைச் சாத்திக்கொள்வான். அப்போதெல்லாம் அக்கா போய்க் கதவைத் தட்டி, சமாதானம் பேசுவாள். இப்போது மிதித்ததே அவள்தானே? அறுபது அடிப் படகை அவன் பத்து வருடமாக மனதில் சுமக்கிறான் என்பது அவளுக்குத் தெரியாதா? பட்டறை பிழைக்க வேண்டும். தம்பியும் முகம் வாடக் கூடாது. இரண்டையும் ஒரே கையெழுத்தில் எப்படிச் செய்வது என்று எந்தப் பள்ளிக்கூடமும் சொல்லித்தரவில்லை.

துறைக்காரரின் கார் வாசலில் வந்து நின்ற பிறகுதான் மாடிக் கதவு திறந்தது. தம்பி இறங்கி வந்தான். முகம் கழுவி, தலை வாரியிருந்தான். கையில் ஒரு துண்டுத் தாள்.

"இந்த விலை சரியான்னு பாரு. எடைக்குப் போட்டிருக்கேன். கூலியை மட்டும் கொஞ்சம் குறைச்சுப் பிடிச்சேன்."

அக்கா பார்த்தாள். அடிக் கணக்கில் வந்ததைப் போல ஐந்து மடங்கு இருந்தது.

"எடை எனக்குத் தெரியும்க்கா. விலை உனக்குத் தெரியும். ஒரே வீட்டுல சாப்பிட்டுத் தூங்கறோம். ரெண்டு பேரும் இதை ஒரு நாள் பேசிக்கிட்டதில்ல பாரு," என்றான். அவன் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு வந்து, நிற்காமல் போனது.

துறைக்காரர் வாட்டசாட்டமானவர். உட்கார்ந்ததும் நாற்காலி ஒரு தடவை முனகியது.

"என்ன இன்ஜினியரே, தரையில கோடெல்லாம் போட்டாச்சு போல! வர்றப்பவே பாத்தேன். எனக்கு வேண்டியது அதான். துறைக்குள்ள நம்ம படகு நுழைஞ்சா மத்தவன் படகெல்லாம் ஒதுங்கி நிக்கணும். கையெழுத்து எங்க போடணும்மா?"

"ஐயா, விலையில ஒரு மாத்தம் இருக்கு," என்றான் தம்பி. துண்டுத் தாளை மேசை மேல் நகர்த்தினான்.

துறைக்காரர் தாளைக் கிட்டே வைத்துப் பார்த்தார். தள்ளி வைத்துப் பார்த்தார்.

"ஒரு சைபர் சேந்துடுச்சா?"

"இல்லீங்க. சரியாத்தான் இருக்கு."

"போன வாரம் அடிக்கு இவ்வளவுன்னு வாய் நிறையச் சொன்னீங்களே!"

"சொன்னேன். தப்பாச் சொல்லிட்டேன். உங்ககிட்ட ஒரு காசு வாங்கல, நீங்களும் கையெழுத்துப் போடல. அதுக்குள்ள சொல்லிடணும்னுதான் சொல்றேன். பழைய விலைக்கு ஒத்துக்கிட்டா, பாதி கட்டும்போது எங்ககிட்ட காசு தீர்ந்துடும். அப்புறம் மட்டமான ரெசின் ஊத்தணும், இல்ல தடிமனைக் குறைக்கணும். அதுல நூறு பேரை ஏத்திக்கிட்டு நீங்க ஆத்துல போவீங்க. நான் கரையில நின்னு பாக்கணும். என்னால ஆகாது."

அக்கா தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். இதை அவள் சொல்லிக் கொடுக்கவில்லை.

துறைக்காரருக்கு முகம் சிவந்தது. "வியாபாரத்துல பேச்சுன்னு ஒண்ணு இருக்கு. அக்கரைக்காரர் உங்களைப் பத்தி ஆகா ஓகோன்னு சொன்னாரு. உங்க பேச்சுக்கு மதிப்பு ஒரு வாரம்தான்னு அவரு சொல்லல." எழுந்தார். வாசல் வரை போனவர் திரும்பி, தரையில் போட்ட கோட்டை ஒரு பார்வை பார்த்தார். ஆசை விடவில்லை என்பது தெரிந்தது. "யோசிச்சுச் சொல்றேன்," என்று காரில் ஏறினார்.

கார் போன பிறகு தம்பி நாற்காலியில் சாய்ந்தான். அக்கா தட்டில் சாப்பாடு போட்டுக் கொண்டு வந்து வைத்தாள். அவன் தட்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், சாப்பிட ஆரம்பித்தான்.

"ரொம்ப வலிக்குதாடா?"

"பசிக்குதுக்கா. அப்புறம் யோசிச்சுப் பாத்துச் சொல்றேன், வலிக்குதான்னு."

அவன் கை கழுவி முடிக்கும்போது லாரி ஹாரன் கேட்டது.

அக்கா விறுவிறுவென்று வாசலுக்குப் போனாள். அவள் அதற்குள் ஒரு முடிவு செய்து வைத்திருந்தாள். முன்பணத்தை ஒரு கவரில் போட்டு, கையிலேயே வைத்திருந்தாள். சின்னப் படகுதான் சோறு போடுகிறது என்று தெரிந்த பிறகு அதைப் பெற்றெடுக்கிற மோல்டை எவளாவது எதிராளிக்குத் தாரை வார்ப்பாளா?

"டிரைவர் தம்பி, லாரியைத் திருப்பிடுங்க. நாங்க விக்கறதா இல்ல."

"அக்கா!" பின்னாலிருந்து தம்பி கூப்பிட்டான். "ஏத்திக்கிட்டுப் போகட்டும்."

"பைத்தியமாடா உனக்கு?"

"முன்பணம் வாங்கியிருக்கேன். குடுக்கறேன்னு கையடிச்சுச் சொல்லியிருக்கேன். ஒரே நாள்ல ரெண்டு பேச்சை மாத்த என்னால ஆகாதுக்கா. அந்த ஆளு சொல்லிட்டுப் போனது காதுலயே இருக்கு."

"பேச்சைக் காப்பாத்திட்டுப் பட்டறையைத் தொலைப்பியா? மோல்டு இல்லாம எப்படிடா சின்னப் படகு கட்டுவே? காத்துலயா ஊத்துவே?"

தம்பியும் வக்கீலும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் வக்கீல்தான் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டும் அடங்கவில்லை.

"என்னடி சிரிப்பு?"

"அண்ணி, இந்த மோல்டு எங்கிருந்து வந்துச்சுன்னு நினைச்சீங்க? மரத்துல காய்ச்சுதா?"

"அப்பா செஞ்சது."

"எதை வச்சுச் செஞ்சாரு?" என்றான் தம்பி. "ஒரு படகை வச்சுத்தான்க்கா. நல்ல படகு ஒண்ணை எடுத்து, வழவழன்னு தேய்ச்சு, மெழுகு பூசி, அது மேல ரெசின் ஊத்தினா மோல்டு. அந்த மோல்டுக்குள்ள ஊத்தினா படகு. கோழியிலேருந்து முட்டை, முட்டையிலேருந்து கோழி. காலையில உரிச்சு எடுத்தோமே ஒரு படகு, அது யாருக்கும் விக்கல. ஷெட்டுல நிக்குது."

அக்கா ஷெட்டுப் பக்கம் திரும்பினாள். காலையில் கிரேன் இறக்கிவிட்டுப் போன இருபத்து நாலு அடிப் படகு, கட்டைகளின் மேல், ஒன்றும் தெரியாத பிள்ளை போல உட்கார்ந்திருந்தது.

"அப்ப… அதுலருந்து…"

"புதுசா ஒண்ணு எடுத்துடலாம். கொஞ்ச நாள் தேய்க்கணும், அவ்வளவுதான்."

"அவ்வளவுதானாம்!" என்றாள் வக்கீல். "தேய்க்கறது யாரு? ஆனா சத்தியமாச் சொல்றேண்ணி, இந்தக் கிழட்டு மோல்டு தொலைஞ்சா எனக்குத் தலைமுழுக்கு. இடது பக்கம் கோணிக்கிட்டுக் கிடக்கு. அதுலருந்து வர்ற ஒவ்வொரு படகுக்கும் நான் பட்டி பூசியே நிமித்தறேன். இனிமே அவங்க பூசட்டும்."

அக்கா கையிலிருந்த கவரைப் பார்த்தாள். பிறகு சேலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு டிரைவரிடம் சொன்னாள்: "நான் சொன்னது எதுவும் உங்க காதுல விழல. ஏத்திக்குங்க. பாத்து, அடிபடாம."

"நில்லுக்கா. சொல்லாம செஞ்சா அது நல்லா இருக்காது," என்று தம்பி போனை எடுத்தான். அக்காவுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டான்.

"அண்ணே, லாரி வந்திருச்சு. ஏத்தறோம்."

"சந்தோஷம்ப்பா, சந்தோஷம்!" அக்கரைக்காரரின் குரல் வெல்லப் பாகு.

"ஒண்ணு முன்கூட்டியே சொல்லிடறேன். இந்த மோல்டை வித்துட்டேன். இருபத்து நாலு அடிப் படகு கட்டறதை விடல. புதுசா மோல்டு எடுக்கப் போறேன். பெரிய படகோட நஷ்டத்தை இனி இது சுமக்க வேண்டியதில்ல, அதனால விலையையும் குறைக்கப் போறோம். வேண்டாம்னா இப்பவே சொல்லுங்க, முன்பணம் கையிலயே இருக்கு."

போனில் தூரத்தில் தேய்ப்பு மெஷின் ஓடுவது மட்டும் கேட்டது, அவருடைய ஷெட்டில்.

"உனக்கெதுக்குப்பா இந்தச் சின்னச் சமாசாரமெல்லாம்? பெரிய படகு கட்டற கையி…"

"கையி அப்படியேதான் இருக்குண்ணே. எடைக்கு விலை போட ஆரம்பிச்சிட்டோம்."

மறுபடியும் தேய்ப்பு மெஷின்.

"உங்கக்கா பக்கத்துல இருக்காங்களா?"

"இருக்காங்க."

"நினைச்சேன்," என்றார் அக்கரைக்காரர். "லாரியை அனுப்பு. நானும் பேச்சு மாற மாட்டேன்."

லாரி மோல்டைச் சுமந்துகொண்டு ஆடி ஆடி வாசலைத் தாண்டியது. ஷெட் திடீரென்று பெரிதாகத் தெரிந்தது. வெளிச்சம் போவதற்குள் ஆட்களோடு சேர்ந்து அந்தப் படகைக் கவிழ்த்து வைத்தார்கள். அக்கா கிடங்குக்குப் போய், ஒரு ரெசின் டிரம்மைத் தனியாக நகர்த்தி, 'இந்த மோல்டுக்கு மட்டும்' என்று சாக்பீஸால் எழுதினாள். இனிமேல் யார் எது கேட்டு வந்தாலும் எந்தப் படகுக்கு என்று கேட்காமல் கொடுப்பதில்லை என்று வாசலிலேயே நின்று அறிவித்தாள். "எனக்கு டீ வேணும், எந்தப் படகுக் கணக்குல எழுதப் போறீங்க?" என்று உள்ளேயிருந்து வக்கீல் கேட்டாள். தேய்ப்பு ஆட்கள் சிரித்தார்கள்.

தம்பி உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து முதல் இழுப்பு இழுத்தபோது போன் அடித்தது. துறைக்காரர்.

"இன்ஜினியரே, அக்கரையிலேருந்து பேசறேன். இவரு கட்டித் தர்றேங்கறாரு. அறுபது அடி. நீங்க மொதல்ல சொன்னீங்களே, அடிக்கு இவ்வளவுன்னு, அதே விலைக்கு. இப்பவே கையெழுத்துங்கறாரு. உங்களுக்கு ஒரு சந்தர்ப்பம் குடுக்கணும்னு தோணுச்சு. என்ன சொல்றீங்க?"

பத்து வருட ஆசை போனுக்கு அந்தப் பக்கம் கை நீட்டி நிற்கிறது. தம்பி 'சரி' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவளால் தடுக்க முடியாது. தடுக்க மனசும் வராது.

தம்பி ஈரக் கையைச் சட்டையில் துடைத்தான்.

"கட்டச் சொல்லுங்கய்யா," என்றான். "தடிமன் மட்டும் குறையாம பாத்துக்குங்க. மொத ஓட்டத்துக்கு என்னைக் கூப்பிடுங்க, டிக்கெட் எடுத்தே வர்றேன்."

போனை வைத்தான். வக்கீல் ஒன்றும் வாதாடாமல் அவன் பக்கத்தில் போய் நின்று, இன்னொரு உப்புத்தாளை நனைத்தாள்.

அக்காவுக்கு மட்டும் ஒன்று நெஞ்சில் முள்ளாய் நின்றது. இத்தனை வருடம் ஒரு பெரிய படகைக்கூடத் தொடாத மனுஷர். எடையும் தெரிந்தவர், விலையும் தெரிந்தவர். கோபத்தில் குழியில் குதிக்கிற ஆளா அவர்? அடிக் கணக்குக்கு அறுபது அடி கட்ட, தடிமனைக் குறைப்பதைத் தவிர அவர் கையில் வேறு என்ன இருக்கிறது?

"அக்கா, அங்க நின்னு என்ன யோசனை? இங்க வா," என்று தம்பி கூப்பிட்டான். அவள் கையைப் பிடித்துப் படகின் வயிற்றில் வைத்து, மேலும் கீழுமாக நகர்த்தினான். "மேடு பள்ளம் தெரியுதா?"

"லேசா."

"அதுதான் போகணும். இந்த ஒண்ணை ஒழுங்காத் தேய்ச்சிடணும்க்கா. இனிமே நமக்குப் பொறக்கறதெல்லாம் இதோட முகஜாடையிலதான் பொறக்கும்."

அக்கா வளையல்களை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு, உப்புத்தாளுக்குக் கை நீட்டினாள்.